செவ்வாயில் மழை பெய்யும் காட்சி

ஜூன் 9, திங்கள்
புழுக்கம். தாம்பரத்தில் ரயில் நின்றுவிட்டது. காட்டாங்குளத்தூர் கல்லூரிக்குப் போய்ச் சேர ஒன்பதே முக்கால். நான் எடுக்க வேண்டிய முதல் வகுப்பு போச்சு.

மதியம் ஒரு மின்னஞ்சல். இருபது வருடத்துக்கு முன் வடபழனி ஸ்டுடியோவில் வெளிநாட்டுக் கம்பெனிக்காக நாங்கள் கையால் வரைந்த விண்வெளி அனிமேஷன் படம், இப்போது சேகரிப்பாளர்களுக்கான ப்ளூ-ரே பெட்டியாக வருகிறதாம். இரண்டு டிஸ்க், ஒரு புத்தகம். அதில் ஒரு காட்சி: செவ்வாயில் முதல் மழை. ரோபோ பெண் கையை நீட்டுகிறாள். அந்தக் காட்சியை வரைந்தவன் என்று என்னைப் பேட்டி எடுக்க வேண்டுமாம்.

டைட்டிலில் இருப்பது என் பெயர்தான். வரைந்தது நான் இல்லை. பக்கத்து மேஜை பியூலா அக்கா. பிரசவத்துக்குப் போனவரை வேலையை விட்டு எடுத்தார்கள். அவர் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயர். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 11, புதன்
வாங்க: இட்லி மாவு, கொசுவத்தி. ஸ்கூட்டர் பிரேக் பார்க்க.

மாணவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வராந்தாவில் ஒருவன்: "அந்த மழை சீன் நம்ம சார்தான்டா." கேட்காத மாதிரி நடந்தேன். இந்த வேலைக்கான இன்டர்வியூவிலும் அதைத்தான் போட்டுக் காட்டினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அடுப்பை அணைத்தாள். பிறகு, "அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

ஜூன் 14, சனி
பெருங்களத்தூர். அக்கா அங்கே பல் கட்டும் லேபில் வேலை செய்கிறார். மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்கிக்கொண்டிருந்தார். முடி பாதி நரை.

"இத முடிச்சிட்டு வரேன். உட்காரு முரளி."

சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அது நான் போட்டதுன்னு உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"நீ மறந்துட்டன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதனாலதான் கோவப்படல."

கிளம்பும்போது, "அந்த சீனோட பென்சில் படம் எல்லாம் எங்கிட்டதான் கீது. உன் கையில தர மாட்டேன். அவங்க கேட்டா அவங்களுக்குக் காட்றேன்" என்றார்.

ஜூன் 16, திங்கள்
கம்பெனிக்கு மின்னஞ்சல். நாலு தடவை திருத்தம். 'தவறுதலாக' என்று போட்டிருந்தேன். அடித்துவிட்டேன்.

துறைத் தலைவரிடமும் சொன்னேன். "இப்ப எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார். வேலைக்கு ஆபத்தா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி
பதில் வந்தது. படத்தின் டைட்டிலை மாற்ற முடியாதாம். பேட்டி அக்காவிடம். புத்தகத்தில் அவருடைய பென்சில் படங்கள், அவர் பெயரோடு. அக்காவுக்கு போன் செய்தேன். "சரி. லேபுல லீவு சொல்லணும்." வைத்துவிட்டார்.

நவம்பர் 5, புதன்
மழை, விட்டு விட்டு. பெட்டி வந்துவிட்டது. அக்காவின் பேட்டியை வகுப்பில் போட்டேன். நீலப் புடவை. சிரிக்கவே இல்லை. "துளி பட்டவுடனே விரல் கொஞ்சம் இறங்கணும். அப்பதான் தண்ணிக்கு வெயிட் வரும்."

விளக்கைப் போட்டு, இத்தனை வருடம் அவர் இடத்தில் என் பெயரை விட்டு வைத்திருந்தேன் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண், "அப்ப நீங்க என்ன சார் போட்டீங்க?"

"அந்த சீனுக்கு முன்னாடி ஒரு கதவு திறக்கும். அந்தக் கதவு."

"அதப் போடுங்க சார், பாக்கலாம்."

போட்டேன். இரண்டு வினாடி. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.