அளந்து குடித்த தண்ணீர்

மார்ச் 4
இன்று ‘கிரியாட்டினின்’ என்று தப்பில்லாமல் எழுதிவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துப் பழகிய கொத்தனாருக்கு இது மாடி கட்டியதற்குச் சமம். கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கணக்காம் அது; பக்கத்தில் எழுத வேண்டிய எண்தான் நன்றாக இல்லை. 1.9. போன மாதம் 1.4. ஈரல் மாற்றி எட்டு மாதம். அது நன்றாக இருக்கிறது. அதைக் காக்கிற மாத்திரை கிட்னியைக் கெடுக்கலாம் என்கிறார் டாக்டர்.

மார்ச் 11
2.8. எண் கோணலாக விழுகிறது. எழுத்தும்.

மார்ச் 12
மறுபடி ஆஸ்பத்திரி. எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை. “எங்க மேல அவ்வளவு பாசமா தாத்தா?” என்று சிரித்தாள் நர்ஸம்மா. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு ஒரு தாள் கொடுத்தாள். குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாம் நானே குறிக்க வேண்டுமாம். எனக்கு ஒரு தாள்! கட்டம் போட்ட தாள்!
பக்கத்துக் கட்டில்காரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினுக்குப் போகிறார். பிழிந்த துணி மாதிரி திரும்புகிறார்.

மார்ச் 13
மகள் வந்தாள். தன் ஈரலில் பாதிக்கு மேல் எனக்கு வெட்டிக் கொடுத்தவள்.
“அப்பா, கிட்னி ரெண்டு இருக்கே. ஒண்ணு போதுமாம்.”
“வாயை மூடு! உன்னைக் கூறு போடவா பெத்தேன்?” கத்திவிட்டேன். எழுந்து போய்விட்டாள்.
இன்னும் எவ்வளவுதான் அவகிட்ட பிடுங்குவேன்? சொன்னா கேக்கற பிள்ளையா அது?

மார்ச் 14
3.3. இன்னும் ஏறினால் கழுத்தில் குழாய் வைத்து மெஷின்.
டாக்டர் என் தாளைப் பார்த்தார். “நாலு டம்ளர்தானா?”
“ஒரு சொட்டு கூடல, சார். எட்டு மாசமா இதே கணக்கு.” பெருமையாகத்தான் சொன்னேன்.
தலையில் கைவைத்துக்கொண்டார். “வயிறு வீங்கினப்போ சொன்னதுங்க அது! பழைய ஈரலுக்கு! ஆபரேஷன் முடிஞ்சதும் நிறையக் குடிக்கச் சொல்லிக் காகிதம் தந்தோமே?”
தந்தார்கள். அன்று எனக்கு எழுத்து தெரியாது. மனைவிக்கும் தெரியாது. மகளோ வேறு வார்டில் தையல் போட்டுப் படுத்திருந்தாள். காகிதத்தைப் பத்திரமாகப் பெட்டியில் பூட்டிவிட்டோம்.

மார்ச் 15
குளுக்கோஸ் ஏறுகிறது. மாத்திரையையும் குறைத்திருக்கிறார்கள்.
“ஊர்ல உள்ள சுவருக்கெல்லாம் வேளை தவறாம தண்ணி அடிச்ச மனுசன், சொந்த உடம்பைக் காயப் போட்டீங்களே!” என்றாள் மனைவி.
“டம்ளருக்குக் காவல் நின்னது யாரு?” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மார்ச் 16
3.1. இது இறக்கமா, இல்லை மூச்சு வாங்க நிற்கிறதா? மகள் எனக்குத் தெரியாமல் பொருத்தம் பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டாளாம். நர்ஸம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 18
2.6.

மார்ச் 21
2.2. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 30
வீடு. 2.0. “இதுக்குக் கீழ வராது போல. போனது போனதுதான். ஆனா இதைக் காப்பாத்தினா போதும். மெஷினும் வேண்டாம், மகளும் வேண்டாம்,” என்றார் டாக்டர்.
மகள் போன் செய்தாளாம், “அப்பா எங்க?” என்று. இப்போது நாளுக்குப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர்; நான் ஏழாவது தடவையாகக் கழிப்பறையில் இருந்தேன். தெருவுக்கே கேட்கும்படி மனைவி சொன்னாள்: “வேலையா இருக்கார்!”