இரண்டு படங்களும் ஓர் உதையும்

சண்டைப் படப் பைத்தியத்துக்கு,

உங்கள் கப்பல் கரைசேர்வதற்குள் இரண்டு படம் பார்த்துவிட்டேன். முதலாவது வெளிநாட்டுப் படம். பனியில் ஒரு கிழவர் தொலைந்த நாயைத் தேடுகிறார், அவ்வளவுதான். உருகி உருகி அழுதேன். வயிற்றுக்குள் ஒரு சலனமும் இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, அசைவு தெரியும்" என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதனால் நான் ஒன்றும் கவலைப்படவில்லை. தூக்கம்தான் வரவில்லை.

நேற்று அக்கா நம்மூர்ப் படத்துக்கு இழுத்துப்போனாள். நீங்கள் விசிலடிக்கும் ரகம். கதாநாயகன் ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிட்டான். தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் உள்ளேயிருந்து ஓர் உதை! மறுபடியும் ஒன்று!

"என்னடி, சண்டைக் காட்சிக்கா அழுறே?" என்று அக்கா திகைத்தாள்.

சீக்கிரம் வாருங்கள். இனி வீட்டில் உங்கள் கட்சிக்கு இரண்டு ஓட்டு, எனக்கு ஒன்றுதான்.

தோற்ற சந்தோஷத்தில்,
உங்கள் உலக சினிமாக்காரி