மாடியில் கழற்றிய குழாய்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சமையலறைக் குழாயடியில் வாளி இருக்கிறது. நிரம்பினால் கொட்டிவிடுங்கள்.

மாடியில் குடியிருந்தவர்கள், "சார், குழாய் லேசா சொட்டுது" என்றால் போதும், அன்றைக்கே பிளம்பரை இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். புதுக் குழாய் அவர்களுக்கு. கழற்றிய பழசை என் தலையில் கட்டுவீர்கள். கடகடவென்று ஆடும் மின்விசிறியும், சாத்த முடியாத குளியலறைக் கதவும் அப்படி மாடியிலிருந்து இறங்கி வந்தவைதானே? கேட்டால், "நம்ம வீடுதானே, மெதுவா பாத்துக்கலாம்" என்று ஒரே பாட்டு.

போன வாரம் அவர்கள் காலி செய்ததும் மாடிக்கு வெள்ளையடித்து, புது சிங்க் வைத்தீர்கள். "வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாதுல்ல?" என்றீர்கள். என் முகத்தை என்றைக்காவது பார்த்தீர்களா?

இன்று சாயங்காலம் யாரோ மாடியைப் பார்க்க வருகிறார்களாமே. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆள் வந்தாயிற்று.

பி.கு.: மாடிச் சாவியைத் தேடாதீர்கள். என் துணிமணியோடு நான் மேலேதான் இருக்கிறேன்.

இன்னொன்று. இங்கே பாத்ரூம் விளக்கு எரியவில்லை. குடியிருப்பவள் சொல்கிறேன், உடனே வந்து பாருங்கள்.