பையின் அடியில் வைத்தது

றொசல்லை,
2.6.1954

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீயும் குட்டி முத்துலிங்கமும் பூண்டுலோயாவுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மச்சான் மகனை அடையாளம் கண்டுகொண்டாரா? தலைப்பிரசவத்துக்கு வந்த நீ போனதும் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா பெரிதாகிவிட்டது.

குழந்தையின் பையை நான்தான் கட்டினேன். அம்மாவின் பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்த ஒன்பது துணிகள், வசம்பு, கிரைப் வாட்டர், கண்மை டப்பி, காத்துக் கருப்பு அண்டாமல் ஓர் இரும்பு ஆணி. எல்லாவற்றுக்கும் அடியில், தாளில் மடித்து அவனுடைய பிறப்புப் பத்திரத்தை வைத்தேன். மூத்திரத் துணியைக் கண்டால் எந்தத் திருடனும் கையை எடுத்துவிடுவான் அல்லவா? ரயில் வந்த அவசரத்தில் உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன். உடனே எடுத்து மச்சானிடம் கொடு.

அன்புத் தங்கை,
வேலாயி


பூண்டுலோயா,
7.6.1954

தங்கச்சி வேலாயிக்கு,

அக்கா ராக்காயி சொல்ல, கடை நஸார் எழுதுவது. திட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே எழுதுகிறேன்.

அடியே, ஒன் காயிதம் நேத்துத்தான் வந்துச்சு. ரயில்ல அவன் நாலு தரம் நனைச்சான். தலவாக்கலையில மழை வேற. ஈரத் துணியெல்லாம் அந்தப் பையிலதான் திணிச்சேன். இப்ப பத்திரத்த எடுத்தா நீலமா வழியுது. பேரு தெரியுது, தேதி தெரியுது. பொறந்த எடந்தான் கரைஞ்சு போச்சு.

இருபத்திரெண்டாந் தேதி நுவரெலியாவுல இலங்கைப் பிரஜாவுரிமை விசாரண. அடுத்த லயத்து வரிசையில இருக்குற ஆண்டியப்பன் பொஞ்சாதி தலப்பிரசவத்துக்கு இந்தியாவுக்குப் போனவ. அதச் சொல்லியே அவங்க மனுவத் தள்ளிட்டாங்க. என்னையும் கேப்பாங்கல்ல, ‘அம்மா வீடுன்னா எந்த நாட்டுல?’ன்னு. ஒன் மச்சான் நேத்துலருந்து சோறு தின்னல. எந்த நாடும் இல்லாதவங்களாப் போயிருவோமோன்னு பயமா இருக்கு.

பத்திரத்த இதுக்குள்ள வச்சிருக்கேன். ஒன் எழுத்து அச்சு மாதிரி இருக்குமே. கரைஞ்ச எடத்துல நீயே எழுதி அனுப்பிரு. பொய்யா எழுதச் சொல்றேன்? அங்கதானே பெத்தேன்!

(தங்கச்சி, கடைசியில் சொன்னது பயத்தில் சொன்னது. யோசித்துச் செய். நஸார்.)


றொசல்லை,
12.6.1954

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரத்தை வந்தபடியே திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காதே.

பேனாவில் மை ஊற்றி, பழைய கொப்பியில் நம் தோட்டத்தின் பெயரைப் பதினொரு தரம் எழுதிப் பழகினேன். பத்திரத்தின் மேல் முனையை வைக்கப் போனதும் கை நின்றுவிட்டது. அதிலிருக்கும் எழுத்து வெளிறிப்போய் இருக்கிறது. என் மை மட்டும் பளபளக்கும். கண்டுபிடித்தால் மச்சானைப் பிடித்துப் போவார்களே! உண்மையைத்தான் எழுதுகிறேன் என்றாலும், எழுத வேண்டியவர் கை இது இல்லையே.

அப்பா நகல் கேட்டுப் போனார். ஒரு மாதம் ஆகுமாம். அதனால் உனக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி காளியாயி அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் நேரே நுவரெலியாவுக்கு வருகிறோம். “காயிதம் கரையும், நான் கரைவேனா?” என்று சிரிக்கிறார். அவர் சிரிக்கிறபோது பயம் கொஞ்சம் குறைகிறது.

பத்திரத்தை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, பையில் துணிகளை மட்டும் கொண்டு வா. பையை அங்கே நான் அடுக்குகிறேன்.

வேலாயி


றொசல்லை,
25.6.1954

அன்புள்ள அக்காவுக்கு,

திரும்பி வரும்போது ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டாய். குளிர் என்றேன். குளிர் இல்லை.

“புள்ள எங்க பொறந்துச்சு?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது, காளியாயி அம்மா, “எங் கையிலதாங்கய்யா” என்றாரே. “ஒங் கை எந்த நாட்டுல இருந்துச்சு?” என்று அவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தீர்கள். விசாரணை நடத்திய துரை சிரிக்கவில்லை. காளியாயி அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னபோது அவர் பேனாவைக்கூடத் தொடவில்லை.

அப்போதுதான் முத்துலிங்கம் உன் மடியை நனைத்தான். பையிலிருந்து துணி எடுத்துக் கொடுக்க நான் மேசை ஓரம் குனிந்தேன். துரை எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் வாசித்துவிட்டேன், அக்கா. பிறந்த இடத்துக்கு நேரே, ‘நாட் ப்ரூவ்ட்’.

“காயிதம் வரும், போங்க” என்றார்கள். நீ கும்பிட்டாய். மச்சான் சந்தோஷத்தில் மகனுக்குக் கிலுகிலுப்பை வாங்கினார். அதன் சத்தம் கேட்கக் கேட்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் சொல் எனக்குத் தெரியும். இரண்டாவதை நேற்று டீச்சரிடம் கேட்டேன். நிரூபிக்கப்படவில்லை என்று அர்த்தமாம். எங்கே பார்த்தாய் என்றார். கதைப் புத்தகத்தில் என்று பொய் சொன்னேன். அவ்வளவு சுலபமாக வந்தது. அன்றைக்குப் பேனாவை மூடி வைத்தவளும் நான்தான்.

நகல் வந்ததும் அப்பா கொண்டுபோய்க் கொடுப்பார். அதற்கு முன்பே, மனுவைத் தள்ளிவிட்டதாக அவர்களுடைய கடிதம் உங்கள் லயத்துக்கு வந்துவிட்டால்? தபால் பையைத் தூக்கி வருபவரைக் கண்டாலே நான் உள்ளே ஓடிவிடுகிறேன்.

நஸார் நானா, இதை மச்சான் இல்லாத நேரத்தில் அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அக்கா, பத்திரத்தில் கரைந்த அந்த ஒரு சொல்லை நான் எழுதியிருக்க வேண்டுமா? பதில் போடு. இந்த முறை திட்டையும் விடாமல் எழுதச் சொல்.

உன் தங்கை,
வேலாயி