செம்பில் பதிந்த கட்டைவிரல்

இன்று உன் கம்ப்யூட்டரைத் திறந்து பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினேன். அடிப்பக்கச் செம்பில், சூடு கடத்தும் பேஸ்ட் எட்டாத மூலையில், ஒரு கட்டைவிரல் ரேகை கறுத்துப் போய்ப் பதிந்திருந்தது. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பின் கோடு. பக்கத்தில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என்னுடையதுதான்.

அன்று மதியம் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கண்ணாடித் துண்டைப் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, அந்தச் செம்பை நாம் மாற்றி மாற்றித் தேய்த்தோம். முரட்டுத் தாளில் ஆரம்பித்து, கடைசியில் பட்டு போன்ற தாள். மார்க்கரில் கட்டம் போட்டாய்; தேய்க்கும்போது கோடுகள் எல்லா இடத்திலும் ஒன்றாக அழிந்தால்தான் அடி சமம் என்றாய். செம்பில் உன் முகம் தெரியும்வரை நீ விடவில்லை.

உன் அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் அவர் இறங்கி வேலை செய்த சுரங்கத்தை, அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் கட்டிக்கொண்டிருந்தாய். பார்வை முழுதும் போவதற்குள் அதை வீடியோவாக்கிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் பிராசஸரை அதன் வேகத்துக்கு மேலே ஓட்டப் பார்த்தாய். வேகம் ஏறினால் சூடும் ஏறும்; அதற்குத்தான் இந்தத் தேய்ப்பெல்லாம்.

மாட்டி ஓட்டினோம். சூடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தாண்டியது. மெஷின் அணைந்தது. பாதி வீடியோ போயிற்று.

"தொடச்ச பெறகு செம்புல கை வெச்சியா? கை எண்ணெ பட்டா சூடு எறங்காது" என்றாய்.

"இல்ல."

"நெஜமா சொல்லு. வெச்சிருந்தா இன்னா, மறுபடி தொடச்சிக்கலாம்."

"அப்போ நான் பொய் சொல்றேன்றியா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கை வைத்தது எனக்குத் தெரியும்.

ஆறு வாரம் நாம் பேசவில்லை. தினமும் ஒரே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனோம், வேறு வேறு பெட்டியில். கடைசியாக ஒரு நாள் காலை, கோரமண்டல் ஸ்டேஷனில் வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரக் கோடியில் கூட்டம் தெரிந்தது. "யாரோ மயங்கி விழுந்துட்டாங்க போல" என்றார் பக்கத்தில் இருந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பங்காரப்பேட்டை தாண்டிய பிறகுதான் போன் வந்தது. விழுந்தது நீதான்; உன் நெஞ்சு நின்றுபோனது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் என்றார்கள். நான் இறங்கியிருந்தால் உன் கையையாவது பிடித்திருப்பேன்.

போன வாரம் உன் மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அண்ணா, மாமாவுக்கு இப்போ ஒரு கண்ணுல லேசாதான் தெரியுது. எங்க வீட்டுக்காரரு செஞ்சத முடிச்சுக் குடுக்க முடியுமா? ஓட்டினா அணைஞ்சி அணைஞ்சி போவுது."

கழற்றியபோதுதான் பார்த்தேன், நீ முடுக்கிய பக்கத்து ஸ்க்ரூ ஒன்று மரையில் ஏறவே இல்லை. ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கி நின்றிருக்கிறது. பேஸ்ட் பாதிதான் பரவியிருக்கிறது. என் ரேகையால் அந்தச் சூடு ஏறவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் துடைக்கத் திறந்திருப்போம். ஸ்க்ரூவையும் பார்த்திருப்போம், சிரித்திருப்போம்.

கடைசித் தாளை எடுத்து ரேகை போகும்வரை தேய்த்தேன். ஸ்பிரிட்டில் துடைத்து, அரிசி அளவு பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக முடுக்கினேன். சூடு எழுபதில் நின்றது. சாயங்காலம் வீடியோ முடிந்தது.

உன் அப்பா மூக்கு திரையில் படும்படி உட்கார்ந்து பார்த்தார். "இங்க தண்ணி சொட்டும்... ஆமா, இங்க குனிஞ்சிதான் போவணும்" என்று கூடவே இறங்கினார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் வந்து நின்றது. உள்ளே இரண்டு பேர்.

"ஒருத்தன் என் பையன். நிக்கிறதே சொல்லுது. இன்னொருத்தன் யாரு?"

ஒரு தோள் தாழ்ந்த அந்த நிற்பை எனக்குத் தெரியும். ஃபைலின் தேதியைப் பார்த்தேன். நாம் பேச்சை நிறுத்தி மூன்று வாரம் கழித்து நீ வரைந்தது.

ஸ்டெல்லாதான் சொன்னாள்: "அது இந்த அண்ணாதான் மாமா."

அவர் திரும்பி, கையால் துழாவி, என் தோளைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டார். இதை எழுதும்போதும் அந்தக் கை அங்கேயே இருக்கிறது.