கிரகணத்தன்று நீங்கள் சொன்னது

நேற்று தெற்கு மாட வீதியில் ஒரு கடை வாசலில் தர்ப்பைக் கட்டுகள் குவிந்து கிடந்தன. கிரகணம் வருகிறதாம், ஊறுகாய் ஜாடிமேல் போட வாங்கிப் போகிறார்கள். அந்தக் காய்ந்த புல்லின் வாசனை பட்டதும் உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு வானியல் பேராசிரியரைத் தர்ப்பை வாசனையோடு நினைக்க வேண்டியிருப்பது என் குற்றமில்லை, சார்.

அப்போது நாம் இருவரும் ஒரே துறையில் விரிவுரையாளர்கள். நீங்கள் எனக்குச் சில வருஷம் சீனியர். சிந்தாதிரிப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். இரட்டை விண்மீன்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளை வெளிநாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டினார்கள். கேன்டீனில் ராகுகாலம் முடியட்டும் என்று யாராவது காத்திருந்தால் விட மாட்டீர்கள்.

"இன்னா மேடம், ராகுவுக்கு இன்னிக்கும் லீவு கெடையாதா? அது வெறும் புள்ளி மேடம். நிலா போற பாதையும் சூரியன் போற பாதையும் வெட்டிக்கிற எடம். புள்ளிக்குப் போயா பயப்படுவாங்க?"

ஒரு சாயங்காலம் மொட்டைமாடித் தொலைநோக்கியில் சனியின் வளையத்தை எனக்குக் காட்டினீர்கள். கண்ணை எடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று உங்கள்மேல் எனக்கு இருந்த மதிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில், தீபாவளியை ஒட்டி, அந்தச் சூரிய கிரகணம் வந்தது. துறையில் பேராசிரியர் பதவி காலியாக இருந்தது. நான் ஆறு மாதக் கர்ப்பிணி. மாணவர்களை மாடியில் கூட்டி, சூரியனின் பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்துக் காட்டுவதாக இருந்தேன். முதல் நாள் செய்தித்தாளில் உங்கள் படம் வந்தது. கர்ப்பிணிகள் வெளியே வராமல் இருப்பது நல்லது, முன்னோர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள்.

மாமியார் அந்தத் தாளைக் கையோடு கொண்டுவந்தார்.

"உங்க டிபார்ட்மென்ட்காரரே சொல்லிட்டார், பாத்தியா? நாளைக்கு நீ எங்கயும் போகப்படாது."

"அவர் சொன்னது தப்பும்மா."

"அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுத்தா?"

பஞ்சாங்கம் சொல்லியிருந்தால் வாதாடி ஜெயித்திருப்பேன். சொன்னது நீங்கள்.

காலையில் கிழக்குப் பார்த்த அறையில் என்னை உட்காரவைத்து, ஜன்னல்களைச் சாத்தி, மாமியாரும் கூடவே உட்கார்ந்துகொண்டார். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ஜன்னல் கதவில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியே வந்த வெளிச்சம் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சின்ன வட்டமாக விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ஓரம் குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிறையானது.

"என்னடி இது?"

"சூரியன்தாம்மா. வெளியில எப்படி இருக்கோ அப்படியே தெரியறது."

அவர் நகர்ந்து வந்து, தயங்கித் தயங்கி உள்ளங்கையை நீட்டினார். பிறை அவர் கையில் விழுந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"உள்ளயே வந்துடுத்தே. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"பின்னே அவர் ஏன் அப்படிச் சொன்னார்?"

மாமியார் எழுந்துபோய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். கிரகணம் அப்போது பாதிகூட விடவில்லை.

அதே கேள்வியை மறுநாள் உங்கள் அறையில் வந்து கேட்டேன். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள்.

"ஒண்ணும் ஆகாது மேடம். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சார் சொன்னீங்க?"

"பேப்பர்காரங்க கேக்கச்சொல்ல துணைவேந்தர் பக்கத்துல நின்னுக்கினு இருந்தாரு. அவர் வீட்ல இதெல்லாம் ரொம்பப் பார்ப்பாங்க. ஒரு காலைப் பொழுது உள்ள இருந்தா யாருக்கு இன்னா நஷ்டம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். தெரியாமல் சொல்பவரோடு சண்டை போடலாம், சொல்லித் தரலாம். எல்லாம் தெரிந்த உங்களை என்ன செய்வது? கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

பேராசிரியர் பதவி உங்களுக்குத்தான் கிடைத்தது. பிறகு துறைத் தலைவர், குழுக்கள், பொன்னாடைகள். மேலே போகப் போக உங்கள் பேச்சிலிருந்து 'இன்னா' உதிர்ந்தது. தொலைக்காட்சியில் ராகு கேது பெயர்ச்சிக்கு அறிவியல் விளக்கம் கொடுத்தீர்கள். வெறும் புள்ளி என்று மட்டும் சொல்லவே இல்லை. இரட்டை விண்மீன் பற்றி அதன் பிறகு ஒரு வரி எழுதவில்லை. மாடிக்கதவு பூட்டியே கிடந்தது. உப்புக்காற்றில் தொலைநோக்கியின் கண்ணாடி பூசணம் பிடித்தது. அதைப் பற்றி நான் கொடுத்த மனுவை நீங்கள் பிரித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் உங்களை மரபுக்கும் அறிவியலுக்கும் பாலம் என்றார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் உங்களை மறக்கவும் முடியவில்லை. பணியில் இருந்தவரை எத்தனையோ பேர் என்னிடம் கேள்வி கேட்டார்கள்: மந்திரிகள், நிருபர்கள், என் பதவி உயர்வைக் கையில் வைத்திருந்தவர்கள். ஒவ்வொரு முறையும், கேட்பது யார் என்று பார்த்துப் பதில் சொல்லும் ஆசை எனக்கும் வந்தது. உடனே, கதவைச் சாத்திவிட்டுச் சிரித்த உங்கள் முகம் எதிரே வந்து நிற்கும். அந்தச் சிரிப்பு என் முகத்தில் வந்துவிடக் கூடாது என்ற அருவருப்பிலேயே, தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லிவிடுவேன். அந்த அருவருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்வதாக இல்லை.