முப்பத்தொன்பது அங்குலம்

செப்டம்பர் 11, 1978. திங்கள்

பள்ளிக்கூடக் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்து இன்றோடு ஐம்பது நாள். வந்தவர்கள்: பால்காரர், தபால்காரர், வழி தவறிய ஒரு மதுரைக் குடும்பம். "ஏரிக்கு எப்படிங்க போறது?" இடது கையால் வழி காட்டினேன். வலது கை தோளுக்கு மேலே வரமாட்டேன் என்கிறது.

பதினேழு வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்துத் தச்சன் நான். ஜூலையில் டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தேஞ்சு போச்சு கஸ்பார், இனி இழைப்புளியைத் தொடாதீங்க" என்றார். ஹெச்.எம். ஃபாதர் இரக்கப்பட்டுக் கேட்டுக்கு அனுப்பினார். டிசம்பர் வரை பார்ப்பாராம். சரியாகவில்லை என்றால் பட்டறைக்கு வத்தலக்குண்டுத் தச்சன் செல்லப்பாண்டி வருவான், நான் காலத்துக்கும் கேட்டுதான். இரக்கமாம் இரக்கம். யாரு கேட்டா?

செப்டம்பர் 17. ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். வீட்டுப் பின்னால் ஆட்டுக் கொட்டகை காலியாகத்தானே கெடக்கு. அதில் பலகை இழைக்க ஒரு பெஞ்சு போடுவேன். சாயங்காலம் ஒரு மணி நேரம், யாரும் பார்க்காமல், மெதுவாக வேலை செய்து பார்ப்பேன். தோள் தேய்ந்ததா இல்லையா என்று எனக்கே தெரியணும்.

என் வீட்டுக்காரி கித்தேரியிடம் சொன்னேன். "ஆட்டை வித்தது இதுக்குத்தானா?" என்றாள். அப்புறம் அவளே போய்க் கொட்டகையைக் கூட்டினாள்.

செப்டம்பர் 23. சனி

பள்ளிக்கூட ஜீப் ஓட்டும் உபகாரம் தாண்டிக்குடியிலிருந்து பலாப் பலகை கொண்டுவந்து இறக்கினான். எஸ்டேட் பரணில் இரண்டு வருஷம் காய்ந்த பலகை. தட்டினால் கணீர் என்கிறது. காலுக்குத் தைல மரம் போதும்.

மத்தியானம் பட்டறைக்குள் நுழைந்து பெரிய பிரதர் பெஞ்சைக் கயிறு பிடித்து அளந்தேன். உயரம் முப்பத்தொன்பது அங்குலம். பெல்ஜியத்திலிருந்து வந்து அந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் பெரிய பிரதர், பெஞ்சும் அவர் கையால் செய்தது. அவர் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இன்றைக்கும் அதில் யாரும் டீ கிளாஸ்கூட வைக்க மாட்டோம். எனக்குத் தெரிந்த பெஞ்சு அது ஒன்றுதான். அதே அளவுதான் எனக்கும்.

உபகாரம் வாசலில் நின்று, "அண்ணே, ஒரு பேரிக்காப் பெட்டியும் சேத்துச் செஞ்சிருங்க, ஏறி நிக்க" என்றான். பத்து வருஷத்துக்கு முன்னால் இதையே சொன்னதற்கு ஒரு மாசம் அவனோடு பேசவில்லை. திருந்த மாட்டான். நான் ஒன்றும் அவ்வளவு குட்டை இல்லை.

அக்டோபர் 1. ஞாயிறு

கால் நாலும் தயார். தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு உளி போட்டேன். தோள் சும்மா இருந்தது. நல்ல சகுனம்.

அக்டோபர் 8. ஞாயிறு

பெஞ்சு நின்றுவிட்டது! கால் முனையில் செதுக்கிய கழுந்து ஒவ்வொன்றும் பலகைத் துளைக்குள் கச்சிதமாக இறங்கியது. மேலே ஏறிக் குதித்தேன், அசையவில்லை. கித்தேரி, "இறங்குங்க, இடுப்பும் போயிறப் போகுது" என்றாள்.

அக்டோபர் 9. திங்கள்

நாலே நாலு இழைப்பு. ஐந்தாவதுக்குக் கை வரவில்லை. கழுத்திலிருந்து முழங்கை வரை தீ.

அக்டோபர் 10

டாக்டர் சொன்னது சரி. தேஞ்சுதான் போச்சு. போச்சு, அவ்வளவுதான். இந்தக் கையை வச்சுக்கிட்டு இனி என்ன செய்ய? கேட்டைத் திறக்கவும் மூடவும் தச்சன் எதுக்கு? அழுதேன். எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா அழுதேன்.

நவம்பர் 5. ஞாயிறு

மூன்று நாள் விடாத மழை. கொட்டகையின் பின்சுவர் சரிந்து மேட்டு மண் எல்லாம் உள்ளே. பெஞ்சுக் கால் முக்கால் ஜாண் புதைந்து கெடக்கு. அள்ள மனசில்லை. யாருக்கு வேணும் அந்தப் பெஞ்சு?

நவம்பர் 12. ஞாயிறு

மழை நின்றது. மண் மிதித்தால் அமுங்காத அளவுக்கு இறுகிவிட்டது.

அடுப்படிச் சன்னல் கதவு ஈரத்தில் ஊதிச் சாத்த முடியவில்லை. "பனி உள்ளாற வருது, வெரசா ஏதாவது செய்ங்க" என்று கித்தேரி காலையிலிருந்து அரிக்கிறாள். வேறு வழியில்லாமல் அந்த மண்மேல் நின்றே கதவைப் பெஞ்சில் ஆப்பு வைத்து இறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழைப்பு. இரண்டு. பத்து. முழுக் கதவு.

வலிக்கவில்லை.

நவம்பர் 16. வியாழன்

ஐந்தாவது நாளாக வலி இல்லை! இன்று ஐந்தடிப் பலகை ஒன்று முழுசாக இழைத்தேன். சுருள் சுருளாக வந்து விழுகிறது. வேளாங்கண்ணி எண்ணெய் தேய்த்ததுதான் காரணம் என்கிறாள் கித்தேரி. பாதயாத்திரை வருகிறேன் என்று எனக்கும் சேர்த்தே நேர்ந்துவிட்டாளாம். நடக்கிறேன், எத்தனை மைல் என்றாலும் நடக்கிறேன்.

நவம்பர் 19. ஞாயிறு

சந்தோஷத்தில் கொட்டகையைச் சுத்தம் செய்தோம். நானும் உபகாரமும் மண் முழுவதையும் வாரிக் கொட்டிச் சுவரை எடுத்துக் கட்டினோம். பழையபடி தரை தெரிந்தது. பலகையை எடுத்து வைத்தேன். இரண்டாவது இழைப்பிலேயே அதே தீ.

இழைப்புளியைத் தூக்கி எறிஞ்சேன். எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டிக் கித்தேரியைக் கன்னாபின்னான்னு பேசிட்டேன். அவ நான் எறிஞ்ச இழைப்புளியை எடுத்துத் துடைச்சு வச்சா. அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

நவம்பர் 20. திங்கள்

காலையில் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "மண்ணு கெடந்தப்ப வலிக்கல. மண்ணை அள்ளுனதும் வலிக்குது. எண்ணெய் அதே எண்ணெய்தானே?"

"அதுக்கு?"

"பெஞ்சுகிட்டப் போய் நில்லுங்க."

நின்றேன். இழைப்புளியைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். "தோளைப் பாருங்க, காதுகிட்டப் போய் நிக்குது. அந்தப் பெல்ஜியம் சாமியாரு என்ன உசரம்?"

"ஆறடி மூணு. சாமியார் இல்ல, பிரதரு."

"நீங்க?"

இழைப்புளியைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள்: "அஞ்சடி ஒண்ணு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கப்பா சொன்னாரு, மாப்ள கொஞ்சம் கட்டைதான்னு."

பதினேழு வருஷம்! பதினேழு வருஷம் தோளைத் தூக்கித் தூக்கி ஆறடி மூணு ஆளுடைய பெஞ்சில் இழைத்திருக்கிறேன். ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றிருந்தால் முடிந்தது. நிக்க மாட்டேனே! ஏறி நின்னா குட்டைன்னு ஆயிருமே! போதாக்குறைக்கு அதே அளவைக் கயிறு பிடித்து வீட்டுக்கும் கொண்டுவந்தேன் பாரு. என்னைப்போல ஒரு மடையன் இந்த மலையிலேயே இருக்க மாட்டான்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்தாள். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

நவம்பர் 21

கால் நாலிலும் எட்டு அங்குலம் அறுத்தேன்.

டிசம்பர் 3. ஞாயிறு

பதிமூன்று நாளாகத் தினமும் வேலை. சாயங்காலம் கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்.

பூசை முடிந்ததும் ஹெச்.எம். ஃபாதரைக் கையோடு கொட்டகைக்கு அழைத்து வந்தேன். அவர் கண் முன்னால் ஆறடிப் பலகையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிறுத்தாமல் இழைத்தேன். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கியும் காட்டினேன். ஃபாதர் கீழே விழுந்த சுருள் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அப்ப பிரதர் பெஞ்சை என்ன செய்யிறது? அறுக்கவா?" என்றார். கேட்டுவிட்டு அவரே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அது அப்படியே இருக்கட்டும் ஃபாதர். சுவரோரமாப் போட்டுப் பெயின்ட் டப்பா அடுக்குவோம். எனக்குப் பட்டறையில ஒண்ணு புதுசா செஞ்சுக்கிறேன்" என்றேன்.

செல்லப்பாண்டிக்கு வர வேண்டாம் என்று கடிதம் போடுகிறாராம். பாவம், ஆனால் நல்ல வேலைக்காரன். வத்தலக்குண்டில் அவனுக்குச் சோலி இல்லாமலா போகும்? எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடவுளே, தப்பிச்சேன்.

ஜனவரி 9, 1979. செவ்வாய்

லீவு முடிந்து பிள்ளைகள் வருகிறார்கள், விடுதியில் ஒன்பது கதவு சாத்த வரவில்லை. ஒன்பது! சமையல்கட்டு அலமாரிக்கு ஒரு பக்கம் பிடி இல்லை. சிஸ்டர் ஒருத்தர் ஹார்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார், அதுவும் மர சாமானாம், அதனால் என் வேலையாம். உபகாரம் ஜீப்பு சீட்டுக்குப் பலகை கேட்கிறான். சாப்பிட உட்கார்ந்தால் ஹெச்.எம். ஆள் அனுப்புகிறார். இத்தனை பெரிய பள்ளிக்கூடத்தில் ஆணி அடிக்க என்னை விட்டால் வேற நாதியே இல்லையா?

நாளைக்கு வெள்ளனே போகணும். படுக்கிறேன்.